பொற்றாசியத்தின் கதிரை

விளங்கினதைச் சொல்லிக் குடுக்கிறது ஆசிரியர் தொழில். விளங்காததையும் சொல்லிக் குடுக்கிறது சண்டைக் காலத்துத் திருகோணமலையில ஆசிரியர் தொழில். நான் சரித்திர டீச்சர். விஞ்ஞான சேர் குடும்பத்தோட கனடாவுக்குப் போக, அதிபர் பதினோராம் வகுப்பு விஞ்ஞானத்தை என்ர தலையில கட்டிவிட்டார். என்னைப் போல பாடம் மாறி மாட்டுப்பட்ட ஆசிரியர்மாரே, இது உங்களுக்குத்தான். மற்றவை சிரிச்சிட்டுப் போங்கோ.

நடுவில ஓட்டை

ஆவர்த்தன அட்டவணை எண்டு ஒரு பெரிய படம் வகுப்புச் சுவரில தொங்குமே, உலகத்து மூலகங்களையெல்லாம் பெட்டி பெட்டியாய் அடுக்கினது. அதை வீட்டில வைச்சுப் படிப்பமெண்டு சுருட்டிக்கொண்டு உப்புவெளி பஸ்ஸில ஏறினனான். அரச வம்சம் மாதிரி ஏதும் ஒழுங்கு இருக்குமெண்டு பார்த்தால், தகப்பன் ஆர், மகன் ஆர் எண்டே பிடிபடயில்லை.

துறைமுகத்தடிச் சோதனைச் சாவடியில எல்லாரையும் இறக்கினாங்கள். நேவிப் பொடியன் ஒருத்தன் படத்தை விரிச்சான். எழுத்தையும் இலக்கத்தையும் கண்டதும் முகம் மாறிப்போச்சு. "இது என்ன ரகசியக் கோட்?" எண்டான். எனக்கே தெரியாததை நான் என்னெண்டு சொல்றது? மேல் வரிசையில இந்த மூலையில ஒண்டு, அந்த மூலையில ஒண்டு, நடுவில வெறும் ஓட்டை. அதில விரலை வைச்சு, "இங்க இருந்த ஆக்கள் எங்க?" எண்டு கேட்டான். கடைசியில அவன்ர பெரியவர் ஒருத்தர் வந்து பார்த்து, தலையைச் சொறிஞ்சார். "நானும் இதிலதான் பெயில். அதால நேவிக்கு வந்தது. டீச்சர் போங்க."

சிவப்புப் பேனை

வகுப்பில நஸ்ரின் எண்டொரு பிள்ளை. மூதூரில சண்டை தொடங்க ஓடிவந்து, ரவுணில மாமி வீட்டில ஒதுங்கியிருந்தவள். வருஷக் கடைசிச் சாதாரணதரச் சோதனையில விஞ்ஞானத்துக்கு நல்ல புள்ளியோட சித்தியடைஞ்சால்தான் பெரிய பள்ளிக்கூடத்தில உயர்தரத்துக்குச் சேர்ப்பினம். இல்லாட்டி படிப்பு அதோட சரியெண்டு வாப்பா சொல்லிப்போட்டார். அந்தப் பிள்ளைக்கு வாய்ச்ச டீச்சர் நான்!

அவள்தான் கேட்டாள். "பாரத்தின்ட ஒழுங்கெண்டு சொன்னீங்க டீச்சர். ஆகன் நாற்பது, பொற்றாசியம் முப்பத்தொன்பது. பாரம் கூடினது ஏன் முன்னுக்கு நிக்குது?" நாளைக்குச் சொல்றன் எண்டு சமாளிச்சிட்டு, கணக்குப் படிப்பிக்கிற தவராசா சேரிட்டை ஓடினனான். அவர் கண்ணாடியை ஏத்திவிட்டுப் பார்த்தார். சிவப்புப் பேனையால ரெண்டையும் வெட்டி, இடம் மாத்தி எழுதினார். "அச்சுப்பிழை, தங்கச்சி. தமிழில எதை ஒழுங்காய் அடிச்சவங்கள்?"

புளியங்கொட்டை

புத்தகத்தில எனக்கு விளங்கினது ஒரே ஒரு படம். அணுவுக்குள்ள இலத்திரன்கள் வட்டம் வட்டமாய் இருக்கும். முதல் வட்டத்தில ரெண்டு, அடுத்ததில எட்டு, அதுக்கடுத்ததில எட்டு. வகுப்பில இருபது பிள்ளையள். முதல் இருபது மூலகத்தையும் ஆளுக்கொண்டாய்ப் பிரிச்சு, எத்தனை இலத்திரனோ அத்தனை புளியங்கொட்டை குடுத்தன். மேசையில சோக்கால வட்டம் கீறி அடுக்கச் சொல்லிப்போட்டு, கதிரையளை அட்டவணை மாதிரியே போட்டன்.

முன்வரிசையில ரெண்டே ரெண்டு பேர். முதல் வட்டம் ரெண்டு கொட்டையோட நிரம்பிட்டுது, வரிசையும் முடிஞ்சுது. அட, நேவிப் பொடியன் கேட்ட ஓட்டை இதுதானே! அங்க ஒருநாளும் ஆக்கள் இருக்கயில்லை.

நஸ்ரின் பொற்றாசியம். சேரின்ர திருத்தப்படி அவளுக்கு வலப்பக்கம் கடைசிக் கதிரை, ஈலியத்துக்கும் நியோனுக்கும் பின்னால. இருக்க ஏலாமல் நெளிஞ்சுகொண்டிருந்தாள். "என்ன பிள்ளை, மூட்டைப்பூச்சி கடிக்குதோ?" எண்டன். முன்னால இருந்த ரெண்டு பேருக்கும் வெளிவட்டம் நிறைஞ்சு கிடக்கு. இவளுக்கு வெளிவட்டத்தில ஒரே ஒரு கொட்டை. கதிரையைத் தூக்கிக்கொண்டு போய், இடப்பக்கம் சோடியத்துக்குப் பின்னால இருந்த ஆகனை எழுப்பித் தன்ர இடத்துக்கு அனுப்பிட்டு, அங்க போட்டாள். இலிதியம், சோடியம், நஸ்ரின்: மூண்டு பேருக்கும் வெளியில ஒவ்வொரு கொட்டை. பாரத்தில ஒண்டுமில்லை, கொட்டையின்ர ஒழுங்குதான் எல்லாம். படத்தில ஒவ்வொரு பெட்டி மூலையிலயும் இருந்த சின்ன இலக்கமும் அந்தக் கொட்டைக் கணக்குத்தான் எண்டு அப்பத்தான் எனக்கு ஓடி வெளிச்சுது. உனக்கு என்னெண்டு பிள்ளை தெரிஞ்சது எண்டு கேட்டன். "அது வேற ஆக்கள்ட இடம் டீச்சர். மூதூரால வந்த எனக்கு அது விளங்காதா?"

பெறுபேறு

சோதனையில பொற்றாசியம் வந்ததாம். எழுதினது சரியோ பிழையோ எண்டு பெறுபேறு வரும்வரைக்கும் எனக்குச் சோறு இறங்கயில்லை. தவராசா சேரிட்டைக் கொட்டைக் கதையைச் சொல்ல, அவர் பேனையை மூடிச் சட்டைப்பைக்குள்ள வைச்சிட்டு, "அப்ப அச்சுக்காரன் தற்செயலாய்ச் சரியாய் அடிச்சிட்டான்" எண்டார்.

நஸ்ரினுக்கு அதிவிசேட சித்தி. பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாள் பின்னேரம், அந்த வெள்ளைச் சீருடையோடயே என்ர வீட்டுப் படலையில வந்து நிண்டாள். "எப்பிடி மகள், அங்க இடம் இருந்ததோ?" எண்டு கேட்டன். எனக்குக் கண் நிறைஞ்சு போச்சு, அவள் சிரிச்சாள். "ஓம் டீச்சர். எனக்கெண்டே ஒரு கதிரை போட்டிருக்கு."

ஒவ்வொரு மூலகத்துக்கும் எது சரியான இடமெண்டு நான் ஒருமாதிரிப் படிச்சு முடிச்ச அடுத்த தவணையே, அதிபர் என்னைச் சங்கீதத்துக்குப் போட்டார்.