உப்பை ஒதுக்கிய நாட்கள்

போன வருடம் ஆவணியில், ஏலக்காய் எடுப்பு சூடுபிடித்திருந்த சமயம், பூப்பாறையிலிருந்து சாந்தன்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போகிற வழியில் இது நடந்தது. அந்தப் பாதையில் நான் இருபது வருடத்துக்கும் மேலாக ஜீப் ஓட்டுகிறேன். காலையில் தொழிலாளிப் பெண்களை ஏற்றிப் போய்த் தோட்டத்தில் இறக்கிவிடுவேன், சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த ரோட்டில் ஓட்டுவேன் என்று டீக்கடையில் உட்கார்ந்து பீற்றிக்கொள்கிற ஆள் நான். அப்படிப்பட்ட எனக்கு அன்றைக்கு வழி மறந்துபோனது.

அதைச் சொல்வதற்கு முன் என் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். விபத்தில் அடிபட்ட இன்னொரு டிரைவருக்கு ரத்தம் கொடுக்கப் போன இடத்தில்தான் எனக்கு ஹெபடைடிஸ் சி இருப்பது தெரிந்தது. ஈரலைக் கெடுக்கிற கிருமி, ரத்தம் வழியாக வருவது என்றார்கள். எனக்கு எப்படி வந்தது? சின்ன வயதில் கீழே விழுந்து ரத்தம் ஏற்றினார்களே அதுவா, திருவிழாவில் பச்சை குத்திக்கொண்டேனே அதுவா, இன்றுவரை தெரியாது. டாக்டர் அந்த ஆராய்ச்சியை விடச் சொன்னார். நல்ல மாத்திரை வந்திருக்கிறது, மூன்று மாதம் தினம் ஒன்று சாப்பிட்டால் போதும் என்றார். சேர்ந்து சாப்பிடுவதாலோ ஒரே டம்ளரில் குடிப்பதாலோ பரவாது, சவரக் கத்தியும் பல் விளக்குகிற பிரஷும் மட்டும் தனியாக இருக்கட்டும், சாராயம் கூடாது, தன்னைக் கேட்காமல் வேறு மருந்து கூடாது, மற்றபடி எல்லாம் சாப்பிடலாம் என்றார். நானும் என் மனைவியும் நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்தோம்.

லயத்துக்கு வந்து சேர்ந்ததும் அந்தத் தலையாட்டல் எல்லாம் காற்றோடு போனது. வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கிற வீடுகள் அவை. ஒரு வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் கஷாயம் கொதிக்கும். ஈரல் என்று யார் சொன்னாலும் எங்கள் ஆட்கள் காதில் மஞ்சள்காமாலை என்றுதான் விழும். மஞ்சள்காமாலை என்றால் பத்தியம், பத்தியம் என்றால் முதலில் போவது உப்பு. இந்த மூன்றும் எங்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அதை ஒரு டாக்டர் வந்து மாற்றிவிட முடியுமா? மறுநாளே என் தட்டில் உப்பில்லாத சோறும் உப்பில்லாத ரசமும் விழுந்தன. கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் பரணுக்குப் போயின. டாக்டர் எல்லாம் சாப்பிடலாம் என்றாரே என்று கேட்டதற்கு, அவர் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வார் என்று என் மனைவி முடித்துவிட்டாள்.

மாத்திரை சாப்பிட்ட காலத்தில் தலைவலி இருந்தது, சோர்வு இருந்தது, சில நாள் தூக்கம் வரவில்லை. இதெல்லாம் வரலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் பெரிதாகப் பயப்படவில்லை. இருந்தாலும் அவ்வளவு வேகமான மாத்திரை உடம்பில் சூட்டை விட்டுவிட்டுத்தான் போகும், அதைக் கழுவி வெளியே தள்ள வேண்டும் என்று லயத்தில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். மாத்திரை முடிந்ததும் கீழாநெல்லி வேரைப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நஞ்சமல்ல, ஜீப்பில் ஒரு பெரிய கேனே எப்போதும் இருக்கும். அதற்கு மேல் சீரகத் தண்ணீர் வேறு.

எனக்குக் குழப்பம் ஆரம்பித்தது அப்போதுதான். நியாயமாகப் பார்த்தால் மாத்திரையை நிறுத்தியதும் உடம்பு தேற வேண்டும். எனக்கு நேர்மாறாக இருந்தது. கால் பஞ்சாகப் போனது. எழுந்தால் தலை சுற்றியது. என்ன சொல்ல வந்தேன் என்பது பாதிப் பேச்சில் மறந்துவிடும். கிருமி இருக்கிறதா என்று பார்க்கிற கடைசிப் பரிசோதனையில் ஒன்றுமே இல்லை, முழுக்கக் குணம் என்று டாக்டர் கை குலுக்கினார். சோர்வு போகவில்லையே என்றேன். சிலருக்குக் கொஞ்ச நாள் இருக்கும், குறையாவிட்டால் வாருங்கள் என்றார். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வரப்பு ஓரத்தில் முளைக்கிற செடியின் வேரை மருந்துக் கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை. குணமான மனிதன் என்று காகிதத்தில் இருந்தது, குணமாகாத உடம்பு என்னிடம் இருந்தது. இதில் எதை நம்புவது?

இன்னொரு குழப்பம் வீட்டுக்குள் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நானும் என் மனைவியும் ராத்திரிச் சாப்பாட்டை எதிரும் புதிருமாக உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். வியாதி தெரிந்த பிறகு அவள் அதை நிறுத்திவிட்டாள். எனக்குப் போட்டு வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். நான் கை கழுவி வந்து படுத்த பிறகு, முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்து அவள் சாப்பிடுவாள். பரவாது என்று டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டவள்தானே? அப்படியானால் அருவருப்பா? அல்லது ரத்தம் வழியாக வரும் வியாதி என்றதும் என்னைப் பற்றி வேறு ஏதாவது நினைத்துவிட்டாளா? கேட்க வாய் வரவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? குணமான செய்தியைச் சொன்ன அன்று ராத்திரியாவது எதிரில் வந்து உட்காருவாள் என்று பார்த்தேன். அன்றைக்கும் அடுக்களைக்குத்தான் போனாள்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் காலை வந்தது. நல்ல மஞ்சு மூட்டம், வைப்பர் போட்டாலும் பத்தடிதான் தெரிந்தது. பின்னால் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், என் மனைவியும் அதே தோட்டத்தில்தான் வேலை என்பதால் அவர்களோடு இருந்தாள். எப்போதும் முன்சீட்டில் உட்காருகிற ஒரு பெண் அன்றைக்கும் அங்கேதான் இருந்தாள். காய் எடுப்பில் மற்றவர்களுக்கு முன்னால் நிற்கிறவள், வாய் கொஞ்சம் நீளம், என்னை அண்ணே என்று கூப்பிட்டே நாள் முழுக்கக் கிண்டல் செய்வாள். அன்றைக்கு ஏனோ அவள் பேச்சு எனக்குத் தூரத்தில் ரேடியோ பாடுகிற மாதிரி கேட்டது.

வழியில் ஒரு கவலை வரும், ரோடு இரண்டாகப் பிரிகிற இடத்தை அப்படித்தான் சொல்வோம். இடது பக்கம் போனால் தோட்டம். வலது பக்கம் போனால் கைவிட்ட பாறைக்குழி, கல் உடைத்து எடுத்த பள்ளத்தில் மழைத் தண்ணீர் நிரம்பிக் கிடக்கும். நான் வலது பக்கம் திருப்பியிருக்கிறேன். திருப்பியது எனக்குத் தெரியும், ஆனால் தப்பு என்று தெரியவில்லை. எதிரே மஞ்சுக்குள் சாம்பல் நிறத்தில் பெரிதாக ஏதோ தெரிந்தது. அது என்ன என்று யோசித்துக்கொண்டே வண்டியை விட்டேன். தண்ணீர் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

“அண்ணே, எங்கண்ணே போறீக?”

கிண்டல் இல்லாத குரல். பதில் சொல்லத் தெரியாமல் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு ஒரு நொடியில் புரிந்திருக்க வேண்டும். எட்டி ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துவிட்டாள். வண்டி உதறி நின்றது. பெண்கள் சத்தமே போடாமல் ஒவ்வொருவராக இறங்கி, சக்கரத்துக்குக் கல்லை எடுத்து வைத்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். பள்ளத்தின் விளிம்பு முன்சக்கரத்திலிருந்து ஒரு ஆள் படுக்கிற நீளத்தில்தான் இருந்ததாம். எனக்கு நினைவில் இருப்பது, என் மனைவி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும்தான்.

தோட்டத்து வண்டி வந்து என்னை ஆசுபத்திரியில் சேர்த்தது. மனைவியும் முன்சீட்டுக்காரியும் கூட வந்தார்கள். அங்கே படுக்கையில் படுத்துக்கொண்டு, கிளட்ச் எங்கே என்று நர்ஸிடம் கேட்டேனாம். ரத்தம் எடுத்துப் போனார்கள். குளுக்கோஸ் மாதிரி ஏதோ ஏற்றினார்கள். கொஞ்சம் தெளிந்து வருகிற நேரத்தில், திரைக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் இன்னொருவரிடம் என் ரத்தப் பரிசோதனையைச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ்.

தெளிந்த தலை மறுபடி கலங்கியது. குணம் என்றார்களே, கை குலுக்கினார்களே, அதெல்லாம் என்ன? கிருமி திரும்ப வந்து மூளைக்கு ஏறிவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, பத்துப் பதினைந்து குடும்பத்துப் பெண்களைக் குழிக்குள் கொண்டு போயிருப்பேனே என்று நினைத்தேன். ஜீப்பை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது. கதவோரம் நின்ற மனைவியைப் பார்த்தேன். இதை இவளிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் அந்த அடுக்களையும் தாண்டித் தள்ளிப் போய்விடுவாளோ என்றுதான் தோன்றியது.

டாக்டர் வந்தார். முன்பு கை குலுக்கியவர் இல்லை, சின்ன வயதுப் பெண், மலையாளம் கலந்த தமிழில் நிதானமாகப் பேசினார். நான் முதலில் கேட்டது அந்தப் பாசிட்டிவைத்தான். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அந்தப் பரிசோதனை கிருமியைப் பார்ப்பதல்ல, கிருமியோடு உடம்பு சண்டை போட்டதன் அடையாளத்தைப் பார்ப்பது, காயம் ஆறின பிறகும் தழும்பு இருக்கிற மாதிரி அது ஆயுசுக்கும் பாசிட்டிவாகத்தான் இருக்கும் என்றார். கிருமியைப் பார்க்கிற பரிசோதனை வேறு, அது ஏற்கெனவே சுத்தம் என்று வந்துவிட்டது, சந்தேகமாக இருந்தால் இன்னொரு முறை அனுப்பலாம் என்றார். பிறகு அனுப்பினார்கள், அதுவும் சுத்தம் என்றே வந்தது. இதை யாராவது முன்பே எனக்குச் சொல்லியிருந்தால் எத்தனை நன்றாக இருந்திருக்கும். ஒருவேளை சொல்லியிருப்பார்கள், நான்தான் தலையாட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

என் கோளாறு வேறு என்றார். ரத்தத்தில் உப்பு ரொம்பவும் குறைந்துபோயிருந்தது. அதனால்தான் தலைச்சுற்றல், மறதி, வழி தெரியாமல் போனது எல்லாம். என்ன சாப்பிடுகிறார் என்று என் மனைவியிடம் கேட்டார். அவள் பெருமையோடுதான் ஆரம்பித்தாள். உப்பு ஒரு கல் கூடச் சேர்க்கவில்லை, வேர்த் தண்ணீர் கேன் கேனாகக் கொடுத்தேன் என்றாள். டாக்டரின் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. சிலருக்கு ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தால் உப்பைக் குறைக்கச் சொல்வதுண்டு, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், இவருக்கு அப்படி ஒன்றும் இல்லையே, இருந்த உப்பையும் அந்தத் தண்ணீர் கழுவிக்கொண்டு போய்விட்டது என்றார் அவர். அப்போதுதான் கட்டிலின் கால்மாட்டில் நின்ற முன்சீட்டுக்காரி வாயைத் திறந்தாள்.

“இவளும் அதத்தான் டாக்டரே திங்கிறா. மத்தியானம் எங்க கொழம்ப நீட்டுனா தொட மாட்டேங்கிறா. ரெண்டு தடவ காட்டுக்குள்ள மயங்கி உக்காந்துட்டா.”

என் மனைவி தரையைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எனக்கு முதலில் புரியவே இல்லை. உனக்கு என்னடி வியாதி, நீ ஏன் அதைச் சாப்பிட்டாய் என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“உங்களுக்கு ஒரு சட்டி, எனக்கு ஒரு சட்டின்னு தனித்தனியா ஆக்க எனக்கென்ன நேரமா கெடக்கு?”

டாக்டர் அவளுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். அவளுக்கும் உப்பு குறைவுதான். வேர்த் தண்ணீர் குடிக்காததால் என் அளவுக்குப் போகவில்லை.

மறுநாள் ஆசுபத்திரிக் கேன்டீனிலிருந்து கஞ்சியும் பயறும் ஊறுகாயும் வந்தன. எல்லாவற்றிலும் உப்பு. முன்சீட்டுக்காரி ஊருக்குப் போயிருந்தாள், நானும் என் மனைவியும் மட்டும்தான் இருந்தோம். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். இத்தனை நாள் ஏன் இப்படி உட்காரவில்லை என்று அப்போதுதான் கேட்டேன், அந்தக் கேள்வி எனக்குள் கிடந்து அத்தனை நாள் புளித்துப்போயிருந்தது.

“எதுத்தாப்புல உக்காந்து அந்தச் சோத்தத் தின்னா எம் மொகம் சுளிச்சிரும். அதப் பாத்தா நீங்க தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சிருவீக. அதான்.”

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு ஊறுகாயை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கஞ்சிக் கிண்ணத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அழுவதை அவள் பார்த்துவிடக் கூடாது என்று இருந்தது.

உடம்பு தேற இரண்டு மூன்று வாரம் ஆனது. வண்டி எடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் எனக்குச் சாவியைத் தொடப் பயமாகத்தான் இருந்தது. பெண்கள் ஏறுவார்களா என்று தெரியவில்லை, ஏறாவிட்டால் குறை சொல்லவும் முடியாது. முன்சீட்டுக்காரிதான் முதலில் வந்து ஏறினாள். ஹேண்ட் பிரேக்கை ஒரு தரம் தட்டிப் பார்த்துக்கொண்டு, எடுங்கண்ணே என்றாள். பின்னால் மற்றவர்களும் ஏறினார்கள். ரோடு பிரிகிற அந்தக் கவலையில் இடது பக்கம் திருப்பும்போது பின்சீட்டில் யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது, என் மனைவியாகத்தான் இருக்கும்.

எனக்கு இன்னும் புரியாதது நிறைய இருக்கிறது. வியாதி எங்கிருந்து வந்தது என்று தெரியாது. என்றாவது சோர்வாக இருந்தால் அது மாத்திரையாலா, வயதாலா, சும்மா மழையாலா என்றும் தெரியாது. லயத்தில் இப்போதும் யாராவது வேரோடு வருகிறார்கள், நான் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிடுகிறேன். ஆனால் ராத்திரி என் மனைவி எதிரே உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைக்கும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் நான் சாப்பிட ஆரம்பிப்பதில்லை, அது சுளித்தால் உப்பு குறைச்சல் என்று மட்டும்தான் அர்த்தம் என்பது எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரியும்.