மலையில் குடிக்காத தண்ணீர்

அக்காவுக்கு மலத்தோடு இரத்தம் போவதை அவளாகச் சொல்லவில்லை. எங்கள் லயத்து வீட்டு வரிசையின் கக்கூஸிலிருந்து சுவரைப் பிடித்தபடி வந்தவளை மறித்துக் கேட்டேன். அழுதுவிட்டாள்.

"குடல்ல கட்டி இருக்குடி. நான் போயிட்டா புள்ளைகள நீதான் பாத்துக்கணும்" என்றாள்.

எனக்குப் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. பல மாதமாம்! இதை மூடி மறைத்துக்கொண்டு, தேயிலை மலையில் பக்கத்துச் செடி நிரையில் நின்று என்னோடு கொழுந்து பறித்திருக்கிறாள் பாவி.

"நீயே டொக்டரு, நீயே சோசியக்காரியா? கெளம்பு!"

மறுநாள் வேலைக்குப் போகாமல் அவளை ஹட்டன் பஸ்ஸில் ஏற்றினேன். வாயாடிக்கொண்டேதான் போனேன், நிறுத்தினால் பயம் வெளியே தெரிந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் டொக்டரம்மா பார்த்துவிட்டுச் சோதனைகள் எழுதிக் கொடுத்தார். முடிவுகளோடு திரும்பப் போனபோது, கட்டி எதுவும் இல்லை, மலச்சிக்கலால் வந்த மூலம் என்றார். அக்கா என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள்.

"வேலை நேரத்துல தண்ணி குடிப்பீங்களா?" என்று டொக்டரம்மா கேட்டார்.

"மலையில குடிக்கிறதில்லீங்க."

"ஏன்?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் சொன்னேன்: "குடிச்சா ஒதுங்கணுமேங்க. ஆம்பளைங்களுக்கு ஒரு தேயிலைச் செடி போதும். நாங்க எங்க போறது?"

விடியக் காலையில் ரொட்டியும் தேத்தண்ணியும். அதோடு சரி. பிறகு எது வந்தாலும் அடக்கிக்கொள்வோம். புதிதாக மலைக்கு வருகிற பெண்ணுக்குக் கொழுந்து கிள்ளுவதற்கு முன்பே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவோம். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தோம்.

டொக்டரம்மா பொறுமையாக விளக்கினார். சாப்பாடு இரைப்பையில் கூழாகி, சிறுகுடலில் சத்தை விட்டுவிட்டு, மிச்சம் பெருங்குடலுக்கு வருகிறது. அங்கே அதிலிருக்கும் தண்ணீரை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்கிறது. நாம் குடிக்காமலும் அடக்கியும் வைத்திருந்தால், குடல் அதிலிருந்தே மேலும் மேலும் உறிஞ்சி எடுக்கும். மிச்சம் கல்லாகிவிடும். முக்கித் தள்ளும்போது உள்ளே இரத்தக் குழாய் வீங்கி இரத்தம் கசியும்.

"அப்போ எங் குடலு ஒரு தப்பும் செய்யலீங்களா?" என்றாள் அக்கா.

"பாவம், கெடைச்சத வெச்சு அது சமாளிச்சிருக்கு. தண்ணி குடிங்க, கீரை சாப்பிடுங்க. வந்தா அடக்காதீங்க."

அடக்காதீங்களாம்! அவருக்கென்ன, சொல்லிவிட்டார். மருந்து வாங்கிக்கொண்டு வரும் வழியெல்லாம், மலையில் எங்கே போவது என்று எனக்கு அதே யோசனைதான்.

அக்கா திரும்ப வேலைக்கு வந்த முதல் நாள், நடு மலையில் கூடையோடு நின்றுவிட்டாள். "அங்க என்ன நிப்பு?" என்று கங்காணி சத்தம் போட்டார்.

"தண்ணி குடிக்கணும், வந்தா அடக்கக் கூடாதுன்னு டொக்டர் சொல்லிட்டாங்க. நான் எங்க போகட்டும்? நீங்களே சொல்லுங்க கங்காணி."

"இதெல்லாமா எங்கிட்ட கேப்பாங்க?"

"வேற யாருகிட்ட கேக்குறது? லயத்துக்குத்தான் போயிட்டு வருவேன். அதுக்கு அரைநாள் வேலைன்னு அரைப்பேர் போட்டு சம்பளத்த வெட்டிடாதீங்க."

என்னிடமே இரத்தத்தை மறைத்தவளா இவள்! கங்காணி செடிகளைப் பார்த்தார், தூரத்து லயத்தைப் பார்த்தார். அக்கா அவர் கண்முன்னாலேயே, கொண்டுவந்திருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்தாள். நான் கையை நீட்டினேன். நான் குடித்ததும் அடுத்த நிரைக்காரி கையை நீட்டினாள். கடைசி நிரைவரை போன போத்தல் வெறுமையாகத் திரும்பி வந்தது.