களி வேண்டாம் என்ற கரியப்பன் போட்ட களி

எழுநூற்றுப் பத்து. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால், ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில், மூக்கண்டப்பள்ளி கரியப்பன் சொன்ன ஒரு சொல்லுக்காகத் தொடாமல் வைக்கப்பட்ட தட்டுகள் அத்தனை. ஒவ்வொரு தட்டிலும் ஒரு ராகிக் களி உருண்டை. "களியைத் தின்று களைத்தோம்! சோறு போடு!" என்று துண்டறிக்கை எழுதியவரும் அவர்தான். சோறு வந்தது. அடுத்த மாதமே கரியப்பனுக்கு வேலை போனது. "சோறு வாங்கிக் குடுத்தவன் நானு, தின்னது மத்தவனுங்க" என்று இன்றைக்கும் அவரே சொல்லிச் சிரிப்பார்.

இப்போது அவர் ஒரு மொபைல் பாகத் தொழிற்சாலையின் கேன்டீன் கான்ட்ராக்டர். சமையல் முழுக்க மனைவி பாப்பம்மாவுடையது. கரியப்பனின் வேலை கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் நடப்பது. தன்னை முதலாளி என்று சொல்ல அவருக்கு வாய் வராது. "பொறுப்பாளர்" என்பார். "பாத்திரம் கழுவறவங்க சம்பளத்த ஏத்திக் கேட்டா மட்டும் முதலாளி ஆயிடுவாரு" என்பாள் பாப்பம்மா.

ஒரு சனிக்கிழமை, ஹெச்.ஆர். மேனேஜர் ஹரிணி அவரைக் கூப்பிட்டாள். தினமும் பெங்களூரிலிருந்து வந்து போகிற பெண்.

"சார், வியாழக்கிழமை ஐரோப்பாலருந்து கஸ்டமர் டீம் வருது. லஞ்ச் நம்ம கேன்டீன்லதான். லோக்கல் ஃபுட், மில்லட், இதுக்கெல்லாம் அவங்க மார்க் போடுவாங்க. திங்கள்லருந்து ராகி முத்தே போடுங்க."

"களியாம்மா?"

"முத்தேன்னு சொல்லுங்க சார். கேக்க நல்லாருக்கும்." பிறகு குரலைத் தணித்தாள். "பெங்களூர் கம்பெனி ஒண்ணு கேன்டீன் கேட்டு வந்திருக்கு. சாப்பாட்ட டிரேல சீல் பண்ணிக் கொண்டு வருவாங்களாம். இது சொதப்பினா உங்க கான்ட்ராக்ட்ட என்னால காப்பாத்த முடியாது."

கரியப்பன் நேராகப் போய்க் கரும்பலகையில் எழுதினார்: "சிறுதானியம் உண்போம்! உலகை வெல்வோம்!" துண்டறிக்கை எழுதிய அதே கை. ஆச்சரியக்குறிகூட மாறவில்லை. முப்பது வருஷத்தில் களி ஏழையின் வயிற்றிலிருந்து கிளம்பி, டெல்லி மேடைகளில் ஏறி, ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு, மார்க் வாங்கிக்கொண்டு மூக்கண்டப்பள்ளிக்கே திரும்பியிருந்தது. கரியப்பன்தான் இருந்த இடத்திலேயே இருந்து கட்சி மாறியிருந்தார்.

திங்கட்கிழமை களி போட்டார்கள். சாப்பிட வந்தவர்களில் பாதிக்கு மேல் ஜார்க்கண்டிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்கள். இங்கே களியை யாரும் மெல்லுவதில்லை. கிள்ளி, சாற்றில் தோய்த்து, அப்படியே விழுங்குவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதனால் கரியப்பனும் சொல்லவில்லை, பாப்பம்மாவும் சொல்லவில்லை. பெண்கள் மென்றார்கள். பல்லிலும் மேல்வாயிலும் ஒட்டிக்கொண்டது. ஒருத்தி வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினாள்.

புதன்கிழமை மறுபடி களி. பெண்கள் வரிசையில் வந்தார்கள், தட்டை வாங்கினார்கள், உட்கார்ந்தார்கள், கையைக் கட்டிக்கொண்டார்கள்.

கரியப்பனுக்கு முதலில் நெஞ்சு நிமிர்ந்தது. தட்டுப் போராட்டம்! நடுவில் நாலு பெண்கள் சிரிப்பதைப் பார்த்து எரிச்சல் வந்தது. போராட்டத்தில் சிரிக்கக் கூடாது. போய்த் திருத்தலாம் என்று இரண்டடி வைத்த பிறகுதான் அது யாருடைய களி என்பது நினைவுக்கு வந்தது.

தலைவி யாரென்று அவருக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. கை கட்டியிருந்த விதத்திலேயே தெரிந்தது. பூல்மணி. கேன்டீன் வரிசையில் நின்றே தமிழ் கற்றவள். கரியப்பனை மட்டும் இந்தியில் சாச்சா, அதாவது சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவாள்.

"என்னாம்மா இது?"

"சாச்சா, இது சாப்பாடு இல்ல. கோந்து."

"இந்த மண்ணோட சாப்பாடும்மா. தின்னா எரும மாதிரி பலம் வரும்."

"எரும எங்க ஊர்லயும் இருக்கு. அது இத சாப்பிடாது."

ஹாலே சிரித்தது. கரியப்பன் தொண்டையைச் செருமினார். "இத பாரும்மா, நாமெல்லாம் ஒரே குடும்பம்..." என்று ஆரம்பித்து, அங்கேயே நின்றுவிட்டார். இதே வாசகத்தை அன்றைய மேனேஜர் அவரிடம் சொல்ல, அதைக் கிண்டலடித்து இரண்டு பக்கத்துக்கு அறிக்கை அச்சடித்தவர் அவர்.

"குடும்பம்னா சோறு போடுங்க. ஆலு மசிச்சு, கடுகு எண்ணெய், பச்ச மிளகா."

"நாளைக்கு வெளிநாட்டுக்காரங்க வர்றாங்கம்மா."

"வரட்டும். அவங்களும் பாக்கட்டும்."

பூல்மணியின் இடத்தில் கரியப்பன் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

"யோவ், நவுரு நீ." பாப்பம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தாள். "ஏம்மா, நீ இத மென்னியா?"

"மெல்லாம எப்படி ஆன்ட்டி சாப்பிடறது?"

பாப்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு துண்டைக் கிள்ளி, கீரைச் சாற்றில் தோய்த்து விழுங்கிக் காட்டினாள். பூல்மணி ஆவென்று பார்த்தாள். "மாத்திர மாதிரியா?"

"ஆமா. பசிக்கு மாத்திர." அவளே முடிவும் சொல்லிவிட்டாள். "நாளைக்கு ரெண்டும் போடறேன். எது வேணுமோ அத தின்னுங்க. இந்த ஆளு பேச்ச காதுல போட்டுக்காதீங்க."

வியாழக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். ஹரிணி இங்கிலீஷில் ராகியின் பெருமையைப் பாடினாள். அவர்களில் உயரமானவர் பெரிய துண்டாக எடுத்து வாயில் போட்டார். மென்றார்.

கரியப்பன் கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டார். ஜார்க்கண்டுக்குச் சொல்லியாயிற்று. ஐரோப்பாவுக்குச் சொல்ல மறந்துவிட்டது.

தாடை அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. அவர் பாராட்டிப் பேச நினைத்தார் போல; வாய் திறக்கவில்லை. ஹரிணி தண்ணீர் டம்ளரை நீட்டினாள். அடுத்த மேஜையிலிருந்து பூல்மணி எழுந்து, தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கத்தினாள்: "நோ டீத், சார்! நோ டீத்!"

அவர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். ஹால் முழுக்கக் கைதட்டல். அதோடு களியை ஓரமாகத் தள்ளிவிட்டு, உருளைக்கிழங்கு மசியலை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அருமையான உள்ளூர் உணவு என்று முழு மார்க் போட்டுவிட்டுப் போனார். ஜார்க்கண்ட் உருளைக்கிழங்கு ஓசூரின் மண்மணமாக ஐரோப்பாவில் பதிவாயிற்று.

சாயங்காலம் ஹரிணி வந்தாள். "அவருக்கு சந்தோஷம் சார். ஆனா நம்ம ஹெட் ஆபீஸ் இன்னும் பெங்களூர் கம்பெனியத்தான் சொல்லுது. தொழிலாளர்கிட்ட ஓட்டெடுத்து முடிவு பண்ணலாம்னு சண்ட போட்டு வாங்கியிருக்கேன். நாளைக்கு டீ டைம்ல ஓட்டு."

கரியப்பனுக்கு மீசை துடித்தது. "தொழிலாளி ஓட்டுன்னா அது நம்ம ஓட்டு, பாப்பம்மா. முக்காவாசி விழும் பாரு."

"ஒம் மூஞ்சிக்கா? என் கெழங்குக்கு விழுந்தாத்தான் உண்டு."

மறுநாள் ஓட்டுக்கு முன்னால் நாலு வார்த்தை பேசலாமென்று பெஞ்சில் ஒரு காலைத் தூக்கி வைத்தார். பூல்மணி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "சாச்சா, பேசாதீங்க. பேசினா குறையும்."

தொழிற்சங்க வாழ்க்கையில் இவ்வளவு சரியான ஆலோசனையை அவர் கேட்டதில்லை. காலைக் கீழே வைத்தார்.

துண்டுச் சீட்டுகள் சோற்று அண்டாவில் விழுந்தன. ஹரிணியும் பூல்மணியும் உள்ளே எண்ணினார்கள். கரியப்பன் வெளியே நின்று வெற்றி உரையை மனதுக்குள் எழுதினார். நேரமாக ஆக அதைச் சுருக்கிக்கொண்டே வந்தார்.

கதவு திறந்தது. "சாச்சா, கேன்டீன் உங்களுக்குத்தான்!"

"தோழர்களே..." என்று கரியப்பன் கையை உயர்த்தினார்.

"எத்தன ஓட்டு வித்தியாசம்னு மொதல்ல கேளுய்யா" என்றாள் பாப்பம்மா.

மூன்று.