சந்தனம் வைத்த லிஃப்ட்

சரஸ்வதி பூஜை அன்று சந்தனக் கிண்ணத்தோடு வீடு முழுக்கப் பொட்டு வைத்துக்கொண்டு போனேன். மிக்ஸி, தையல் மெஷின், ஃப்ரிட்ஜ். புது வாஷிங் மெஷின் பக்கம் விரல் போனதும் மகள் ஓடி வந்தாள். "மா, பேனல்ல வைக்காதே, டச் போயிடும்!" விரல் அப்படியே நின்றுவிட்டது. அவள் சொன்னதற்காக இல்லை. ஈரச் சந்தன வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் அந்தப் பழைய லிஃப்ட் ஞாபகம் வந்துவிடும். கோயிலில் அர்ச்சகர் தட்டை நீட்டினால்கூட ஓர் அடி பின்னால் போய்விடுவேன். பக்தி இல்லாதவள் என்று பேர் வாங்கியது இப்படித்தான்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் நாங்கள் வங்காளத்தில், லேக் கார்டன்ஸ் என்ற பகுதியில் நாலாவது மாடியில் இருந்தோம். அப்பாவுக்கு மத்திய அரசு வேலை. திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்தவர். அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஒரு கம்பிக் கூண்டு. கூண்டுக்கு ஒரு கதவு, ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு, எல்லாமே கையால் இழுத்து மூடுகிற மடக்குக் கம்பிக் கதவுகள். விரலை நசுக்கிக்கொள்ளாமல் அதை மூடக் கற்பதற்குள் எனக்கு அரைப் பரீட்சை வந்துவிட்டது. எந்த மாடியிலாவது ஒரு கதவு சரியாகச் சாத்தப்படவில்லை என்றால் லிஃப்ட் நகராது. கதவின் ஓரத்தில், அடிப்பக்கமாக, நாக்கு மாதிரி ஒரு பித்தளைத் தகடு இருக்கும். மூடும்போது அது எதிர்ப்பக்கத்துக் குழியில் போய் உட்கார்ந்தால்தான் கரண்டு ஓடும். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: லிஃப்ட் நின்றால், "கேட் பந்தோ கொரோ!" என்று கத்த வேண்டும். கேட்டை மூடு என்று அர்த்தம். உடனே மாடிக்கு மாடி யாராவது வெளியே வந்து தங்கள் கதவை ஆட்டிப் பார்ப்பார்கள். கரண்டுக்கு அடுத்தபடி அந்த லிஃப்டை ஓட்டியது எங்கள் தொண்டைதான்.

எங்கள் ஆயுத பூஜை அங்கே துர்கா பூஜையின் நவமியன்று வரும். வங்காளிகளுக்கு இயந்திரங்களைக் கும்பிடுகிற வேலை விஸ்வகர்மா பூஜையோடு முடிந்துவிட்டது. அம்மா மட்டும் அந்த வருஷம் நவமி காலையில் சந்தனக் கிண்ணத்தோடு படியருகே வந்துவிட்டாள். தினமும் நம்மைச் சுமக்கிற லிஃப்டுக்கு ஒரு பொட்டு வைக்காமல் விடுவதா என்பது அவள் நியாயம். திறந்திருந்த கதவில் எது பளபளவென்று இருந்ததோ அதில் தாராளமாக அப்பி, மேலே குங்குமமும் வைத்தாள். அது அந்தப் பித்தளை நாக்கு.

எதிர்வீட்டு வங்காளி அம்மாளை மாஷிமா, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவேன். அவர் கோரா பட்டுப் புடவையில் வந்தார். கனத்த உடம்பு, ஆஸ்துமா, படி ஏறி இறங்க முடியாது. மூச்சு மருந்தை ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டு அவர் கணவர் முன்னாலேயே கீழே துர்கா பூஜைப் பந்தலுக்குப் போய்விட்டார். நானும் மாஷிமாவும் ஏறினோம். கதவை மூடினோம். ஈரச் சந்தனம் முதலில் எப்படியோ கரண்டுக்கு வழி விட்டிருக்கிறது. லிஃப்ட் குலுங்கிக் கிளம்பியது. ஆள் உயரம் இறங்கியது. நின்றுவிட்டது.

கூண்டு விளக்கும் போயிற்று. தலைக்கு மேலே ஒரு சாண் இடைவெளியில் எங்கள் மாடியின் தரை தெரிந்தது. கேட் பந்தோ கொரோ என்று கத்தினேன். கட்டடமே கீழே பந்தலில் இருந்தது. டாக் மேளம் அடிக்கிற அடியில் கூண்டுக் கம்பியே அதிர்ந்தது; என் குரல் எனக்கே கேட்கவில்லை. மாஷிமா என் தலையைத் தடவி, "கிச்சு ஹோபே நா" என்றார். ஒன்றும் ஆகாதாம். சொல்லி முடிப்பதற்குள் அவர் மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தை அதற்குமுன் அவ்வளவு அருகில் நான் கேட்டதில்லை. அவர் கூண்டுக் கம்பியோடு சரிந்து உட்கார்ந்தார். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். இவர் இங்கே செத்துப் போய்விடுவார், நான் இந்தக் கையோடு இருட்டில் இருப்பேன் என்று நினைத்தேன். அவர்மேல் பிரியம் இருந்தும் கையை உதறிக்கொள்ளத் தோன்றியது. அவ்வளவு பயம்.

வீட்டுக்குள் இருந்த அம்மாவுக்கு எப்படியோ கேட்டுவிட்டது. மேலே இடைவெளியில் அவள் பாதங்கள் வந்து நின்றன. பின்னாலேயே அப்பா. மாடி மாடியாக இறங்கிக் கதவுகளை ஆட்டினார். எல்லாம் சாத்தித்தான் இருந்தன. மெயின் சுவிட்ச் இருந்த அறையின் சாவி காவலாளியிடம், காவலாளி பந்தலில், மருந்தும் பந்தலில். கீழேயிருந்து, "எதையும் தொடாத, கரண்டு இருக்கு!" என்று அவர் கத்திவிட்டு ஓடியது காதில் விழுந்தது.

"ஏட்டி, பயப்படாத. அம்மா இங்கனதான் நிக்கேன்."

"மாஷிமாக்கு மூச்சு முட்டுதும்மா!"

மேலே அவள் பாதங்கள் கதவை ஒட்டி நகர்ந்தன. பிறகு, "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சே. இன்னைக்கு நான்லா பொட்டு வச்சேன்" என்றாள், தனக்கே சொல்வதுபோல.

எங்கள் மாடிக் கதவின் பூட்டு பழசு, தூக்கி இழுத்தால் வந்துவிடும். அம்மா இழுத்தாள். முட்டி போட்டு உட்கார்ந்து அந்தப் பித்தளை நாக்கைத் துடைக்கத் தொடங்கினாள். முந்தானையும் அவள் விரல்களும் இடைவெளியில் தெரிந்தன. இப்போது லிஃப்ட் கிளம்பினால் அம்மாவின் கை போய்விடும் என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேண்டாம் என்று கத்தப் போனேன். அப்புறம்தான் உறைத்தது. கதவு திறந்திருக்கிறது. திறந்திருக்கும்வரை லிஃப்ட் நகராது. எத்தனை நாள் அந்த விதியைத் திட்டியிருப்பேன்! அதையே கந்தசஷ்டி கவசம்போலத் திரும்பத் திரும்ப முணுமுணுத்தேன். நகராது, நகராது. வெளியே வந்த நாக்கில் கரண்டும் இருக்காது என்பது எங்கள் இருவருக்குமே அன்று தெரியாது. தெரியாமலேதான் அவள் துடைத்தாள்.

கதவு மூடிய சத்தம். "நாலை அமுக்குட்டி!"

அமுக்கினேன். லிஃப்ட் மேலே வந்தது.

மாஷிமாவை எங்கள் வீட்டு நாற்காலியில் சாய்த்தோம். அப்பாவும் மாஷிமாவின் கணவரும் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். மருந்தை இழுத்து, விசில் அடங்கி, அவர் பேசிய முதல் வார்த்தை, "அஞ்சலி ஆகிவிட்டதா?" என்பதுதான். பந்தலில் துர்கைக்குப் பூப்போட்டுக் கும்பிடுவதைக் கேட்டார். அம்மா அதற்குப் பிறகுதான் அழுதாள். காபியைப் பாதி தரையில் ஊற்றினாள். நான் மாசக்கணக்கில் படியில்தான் ஏறினேன். அடுத்த ஆயுத பூஜைக்கு மாஷிமாவே வந்து அம்மாவின் கையைப் பிடித்து லிஃப்டுக்குக் கூட்டிப்போய், உள்ளே இருந்த மரப்பலகையைக் காட்டி, இங்கே வை என்றார்.

அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். மாஷிமாவும் போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். இப்போது அதே ஊரில், பெஹாலாவில் நான் ஏறுகிற லிஃப்ட் நான்கு புறமும் இரும்புத் தகடு. கதவு தானாகவே மூடிக்கொள்ளும். அதற்கு யாருடைய தொண்டையும் தேவையில்லை. ஆபத்துக்கு ஒரு மணிப் பொத்தான் வைத்திருக்கிறார்கள். அது எங்கே போய் அடிக்கும் என்று செக்யூரிட்டியைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. போன மழைக்காலத்தில் ஒருநாள் எங்கள் மாடிக்குச் சற்றுக் கீழே வந்து நின்றுவிட்டது. பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். எதிர்வீட்டில் குக்கர் விசில் அடிப்பது தகட்டின் வழியாக மெல்லக் கேட்டது. ஆள் இருக்கிறார்கள். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அவர்கள் பெயர் எனக்குத் தெரியவில்லை.