யோலிமா போட்ட குலுக்கல்

யோலிமாவைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்ல எங்கள் புகாரமாங்கா ஊரில் ஆள் கிடைக்காது. நானும் சொல்லப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள்.

எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து விற்கும். அங்கே யோலிமாவின் வேலைக்கு ஊழியர் நலன் என்று பெயர். யாருக்கு எப்போது பிறந்தநாள், யாருக்கு நிலக்கடலை ஆகாது, யாருடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கேக் வெட்டினால் எனக்குப் பிடித்த ஓரத்துத் துண்டை நான் கேட்காமலே எடுத்து வைத்துவிடுவாள். என் மகள் சாராயியின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவளும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் அவளுக்கென்று ஒரு தட்டு உண்டு.

முதலாளி ஹுவான் கமிலோ. சார் என்றால் கோபித்துக்கொள்வார். ஹுவான்கா என்றுதான் கூப்பிட வேண்டும். ஆபீசுக்குள் வெறுங்காலோடு நடப்பார். எதிரே வருகிறவர்களைக் கட்டிப்பிடித்து, "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்பார். குடும்பம்தானே என்று ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குக் கூப்பிடுவார். போகாவிட்டால் முகம் வாடிவிடும். அந்த வாட்டத்துக்குப் பயந்தே போவோம்.

செப்டம்பர் வந்தால் ரகசியத் தோழர் விளையாட்டு. குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ அவர் மேஜையில் மாதம் முழுக்க, யார் வைத்தது என்று தெரியாமல், தின்பண்டம் வைக்க வேண்டும். கடைசி வெள்ளிக்கிழமை பரிசோடு போய் முகம் காட்ட வேண்டும். போன வருஷம் பாதி மாதத்தில் ஃபபியானை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவன் பரிசு தர வேண்டியது வரவேற்பு மேஜை கிளாடிஸுக்கு. எல்லாரும் பொட்டலம் பிரிக்க, கிளாடிஸ் மட்டும் வெறுங்கையோடு உட்கார்ந்து மற்றவர்களுக்காகக் கை தட்டினாள். அன்றைக்கு யோலிமா பாத்ரூமுக்குள் போய் அழுதாள். "இனிமே நான் இங்க இருக்கிற வரைக்கும் ஒருத்தரும் வெறுங்கையோட உக்காரக்கூடாது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

இந்த வருஷம் சீட்டு எழுதிப் பைக்குள் போட்டு எடுக்கவில்லை. யோலிமாவே கம்ப்யூட்டரில் குலுக்கி, அவரவர் போனுக்குப் பெயரை அனுப்பிவிட்டாள். எனக்கு வில்மார் வந்தான். என் பக்கத்து நாற்காலிக்காரன், புரோகிராம் எழுதுகிறவன். அவன் வாயில் எதுவும் தங்காது. ஒரு நாள் கையில் கடுங்காப்பியோடு வந்து என் மேஜையில் சாய்ந்தான்.

"அக்கா, உனக்கு யாரு வந்திருக்கு?"

"ரகசியம்னா என்னன்னு தெரியுமாடா உனக்கு?"

"எனக்கு ஓமர். ஓமருக்கு நெல்சி. நெல்சிக்கு கிளாடிஸ். கிளாடிஸ் மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்குறா. உனக்கு யாரு?"

"நீதான்டா, தொலை."

அவன் சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"மேல் மாடியில புதுசா சேர்ந்தவங்கள்ல ஒருத்தர் பேரு கூட நமக்கு வரல. அவங்களுக்கு அவங்களே. நமக்கு நாமளே. குலுக்கல் இப்படியா விழும்?"

மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. மனசுக்குள் பெயர்களைக் கோத்துப் பார்த்தேன். நான், வில்மார், ஓமர், நெல்சி நாலு பேரும் பழைய புரோகிராமைப் பார்த்துக்கொள்கிறவர்கள். அதை மூடப்போகிறார்கள் என்று ஆபீஸ் முழுக்க முணுமுணுப்பு. கிளாடிஸ் மேஜைக்குப் பக்கத்திலேயோ, வருகிறவர்களை வரவேற்க ஒரு மெஷினைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள்.

"போன வருஷம் மாதிரி ஆகக்கூடாதுல்ல அக்கா," வில்மார் குரலைத் தாழ்த்தினான். "அதான் யோலிமா போறவங்களை எல்லாம் தனியா ஒரு வளையமா கட்டிட்டா. நடுவுல துரத்தினாலும் மொத்தமா போறதால வளையம் அறுபடாது பாரு."

"வாயைக் கழுவுடா" என்றேன். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. மெதெயினிலிருந்து ஒரு கம்பெனி என்னை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். பழகிய இடத்தை விட்டுப் போக எனக்கு மனசில்லை. ஆனால் சாராயியைத் தனியாக வளர்க்கிறவள் நான். ஒரு மாதம் வேலை இல்லாவிட்டாலும் எங்கள் வண்டி ஓடாது. யோலிமாவைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அப்படி ஏதாவது இருந்தால் அவளே வந்து என்னிடம் சொல்லமாட்டாளா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

போய்விடுவது என்று ஏறக்குறைய முடிவு செய்திருந்தேன். வியாழக்கிழமை பஸ் சீக்கிரம் கிடைத்ததால் எல்லாருக்கும் முன்னால் ஆபீசுக்குள் நுழைந்தேன். என் மேஜை இழுப்பறைக்குள் குனிந்தபடி யோலிமா நின்றிருந்தாள். கையில் எங்கள் ஊர்த் தின்பண்டமான வறுத்த குண்டெறும்புப் பொட்டலம். எனக்கு அதென்றால் உயிர்.

"பாத்துட்டியாடி?" என்று அசடு வழிந்தாள். "போ, நீ எதையும் பாக்கவே இல்லை."

அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். எறும்புக்காக என்று அவள் நினைத்திருப்பாள். எனக்கோ போன உயிர் திரும்பி வந்திருந்தது. என் ரகசியத் தோழி இவள்தான். எங்கள் வளையத்தில் யோலிமாவும் இருக்கிறாள் என்றால் அது எப்படித் துரத்தப்போகிறவர்களின் வளையமாக இருக்கும்?

வில்மார் வந்ததும் சொன்னேன். "யோலிமாவை யாராவது வெளிய அனுப்புவாங்களாடா? அனுப்பினா ஹுவான்காவுக்குத் தன் சட்டை எங்க இருக்குன்னு கூடத் தெரியாது."

"அப்ப கிளாடிஸுக்கு வந்தது அவதான்! மாதாவே, காப்பாத்தினே" என்று சிலுவை போட்டுக்கொண்டு, என் எறும்பில் ஒரு கை அள்ளி மென்றான். மறுநாள் மெதெயினுக்குப் போன் செய்து, ரொம்ப நன்றி, இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கிளாடிஸோடு சேர்த்து எங்கள் ஐந்து பேரையும் பெரிய அறைக்குக் கூப்பிட்டார்கள். ஹுவான்கா காலில் ஷூ போட்டிருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்றார். உங்களைவிட எனக்குத்தான் வலிக்கிறது என்றார். நிஜமாகவே கண்ணீர் வந்தது அந்த மனுஷனுக்கு. இன்றோடு வேலை முடிந்தது என்பதை அழுகைக்கு நடுவில் சொன்னார். யோலிமா ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய ஃபைலை நீட்டிக்கொண்டே வந்தாள். ஐந்தாவது ஃபைலையும் கொடுத்தபின் அவள் கை காலியாகிவிட்டது.

"உன் ஃபைல் எங்க யோலிமா?" என்று வில்மார் கேட்டான்.

அவள் தரையைப் பார்த்தாள். "எனக்கு இல்லை."

எனக்குக் காது அடைத்துவிட்டது. நெல்சி அழுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது பின்னாலேயே ஓடி வந்தாள் யோலிமா.

"வெள்ளிக்கிழமை கீழ பேக்கரியில மேஜை சொல்லி வெச்சிருக்கேன். எல்லாரும் வரணும்டி. இந்தத் தடவை ஒருத்தர் கையும் காலியா இருக்காது."

நான் அவளையே பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. நல்லது செய்ததாகவே நம்பிக்கொண்டு நின்றாள்.

"நீ ஏன்டி எங்க வளையத்துல இருந்தே?"

"உன் பேரை வேற யாருக்கும் விட மனசு வரல."

"நீ இருக்கேன்னுதான் எங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நம்பினேன். அந்த நம்பிக்கையில, வந்த வேலையை வேண்டாம்னுட்டேன். போன வெள்ளிக்கிழமை."

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "வேலை வந்துச்சா? ஏன்டி என்கிட்ட சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்துக்கோன்னு சொல்லியிருப்பேனே."

"நீ ஏன் சொல்லல?"

"வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. நான் என்னடி பண்ணுவேன்? நீ ஏன் சொல்லல?"

"நீ கம்பெனி ஆளு. அதான் சொல்லல."

வாயிலிருந்து விழுந்தபிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. நான் செத்தால் என் மகளைப் பார்த்துக்கொள் என்று மாதா கோயிலில் வைத்து இவள் கையில்தான் கொடுத்தேன். ஆனால் ஒரு போன் வந்ததை இவளை நம்பிச் சொல்லவில்லை. யோலிமா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.