முட்டை ரேட் முந்நூற்று ஐம்பது

1

மூன்றாவது நாளும் ஜங்லிகாட் படகுத்துறையில் மீன் இறங்கவில்லை என்று கேள்விப்பட்டதும் நான் சந்தோஷப்பட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? முட்டை வியாபாரி அப்படித்தான் சந்தோஷப்படுவான். மீன் கிடைக்காத வீட்டில் அன்றைக்கு முட்டைக் குழம்பு.

புயல் எச்சரிக்கை விட்டிருந்தார்கள். படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தது. சென்னையில் சரக்கு ஏற்றிய கப்பலும் புறப்படாமல் நின்றது. அதாவது மீனும் வராது, புது முட்டையும் வராது. போர்ட் பிளேரில் அன்று இருந்த முட்டைதான் முட்டை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் பக்கம். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. சைக்கிள் கேரியரில் நாலு ட்ரே கட்டி பத்துபஸ்தி மேட்டில் ஏற்றி விற்றவன். ஒரு முட்டை உடைந்ததில்லை. இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு இருபது கடைக்காரர்கள் எனக்கு போன் போட்டு, "பாய், இன்னிக்கு ரேட் என்ன?" என்று கேட்ட பிறகுதான் ஷட்டரைத் தூக்குகிறார்கள். பி.காம் படித்தவன் கால்குலேட்டரை எடுப்பதற்குள் நான் ரேட் சொல்லியிருப்பேன். எல்லாம் சொந்த மூளை.

அந்த மூளைதான் அன்றைக்கு என்னை பஜாருக்குத் துரத்தியது. என்னைப் போல மொத்த வியாபாரம் செய்பவர் பிஸ்வாஸ் தாதா, வங்காளி; தாதா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். அவரிடம் நூற்று இருபது பெட்டி இருந்தது. பெட்டிக்கு ஏழு ட்ரே, ட்ரேக்கு முப்பது முட்டை. இருநூற்று இருபதுக்குப் போய்க்கொண்டிருந்த ட்ரேயை இருநூற்று அறுபதுக்குக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சப் லே லோகே?" என்றார். எல்லாவற்றையும் எடுக்கிறேன் என்றேன். முட்டை கெடாமல் குளிரில் வைக்க ஒரு கோல்டு ரூம் போடுவதற்காக மூன்று வருஷமாகச் சேர்த்த பணம் அப்படியே அவர் கைக்குப் போனது.

என்னிடம் ஏற்கெனவே அறுபது பெட்டி. ஆக நூற்று எண்பது. ஊர் முட்டையில் முக்கால்வாசி என் குடோனில். மறுநாள் காலை போன் வந்தபோது முந்நூற்று ஐம்பது என்றேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. முனகிக்கொண்டே எடுத்தார்கள்.

2

முதல் நாள் முப்பது பெட்டி போனது. அடுத்த நாள் பன்னிரண்டு. அதற்கு அடுத்த நாள் காலையில் ஏழரை வரைக்கும் போன் வரவில்லை. சிக்னல் இல்லையோ என்று இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். நாலு கோடும் முழுசாக இருந்தது.

எட்டு மணிக்கு நானே ஒரு கடைக்காரரைக் கூப்பிட்டேன். முந்தாநாள் எடுத்ததே அப்படியே கிடக்கிறது என்றார்.

குடோனுக்குப் போய் ஒரு பெட்டியைப் பிரித்தேன். கப்பலில் வந்த நாளையும் சேர்த்தால் பதினோரு நாள் ஆன சரக்கு. வெளியே மழை, உள்ளே புழுக்கம், சட்டை முதுகோடு ஒட்டியது. ஒரு முட்டையைக் காதோரம் வைத்து ஆட்டினேன். லேசாகக் குலுங்கியது. நல்ல முட்டை குலுங்காது. இன்னொன்று எடுத்தேன், அதுவும் குலுங்கியது. அதற்கு மேல் ஆட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைக்கு வந்து உட்கார்ந்தேன். குட்வில் எஸ்டேட்டில் இருக்கும் டீச்சரம்மா வந்தார். வாரம் ஒரு ட்ரே தவறாமல் வாங்குபவர், திருநெல்வேலிக்காரர். பத்து ரூபாய்க்குக் கறிவேப்பிலை மட்டும் கேட்டார். முட்டை எடுத்து வைக்கவா என்றேன்.

"வேண்டாம் பாய். மூணு நாளா பருப்பும் அப்பளமுமா ஓடுது. பிள்ளைகளும் பழகிட்டு. ஒங்க முட்டைய நம்பியா நாங்க உசுரு வச்சிருக்கோம்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"ஏங்க, நாலு நாளா பிளேன் சத்தமே காணோமே. வீடு என்னமோ மாதிரி இருக்கு."

எங்கள் பத்துபஸ்தி வீட்டுக்கு மேலேதான் பிளேன் இறங்கும். பாத்திரம் அதிரும். அந்த நாலு நாளும் நான் மத்தியானத்தில் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். ஏன் தூக்கம் வந்தது என்று யோசிக்கவில்லை.

பிளேன் இல்லையென்றால் டூரிஸ்ட் இல்லை. என் முட்டையில் பாதி ஹோட்டல்களுக்குத்தான் போகும், காலை ஆம்லெட்டுக்கு. பெரிய ஹோட்டல் ஒன்றில் குக்காக இருக்கும் முருகனுக்கு போன் போட்டேன்.

"நாப்பது ரூம்ல மூணு ரூம்தான் ஆளு பாய். அவங்களும் வெறும் டீ குடிச்சிட்டு வானத்தயே பாத்துட்டு இருக்காங்க. எனக்கே லீவு குடுத்துட்டாங்க."

நாற்பது வருஷ வியாபாரத்தில் நான் கடலைத்தான் பார்த்துப் பழகினேன். கப்பல் எப்போது, படகு எப்போது என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வேன். சரக்கு வராத வழியை மட்டும் பார்த்தேன். தின்கிற ஆள் வராமல் போன வழி என் தலைக்கு மேலேயே இருந்தது.

3

மறுநாள் எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். படகுகள் புறப்பட்டன. கப்பல் சென்னையிலிருந்து கிளம்பிவிட்டது, மூன்று நாளில் வந்துவிடும் என்று தகவல் வந்தது. என்னிடம் நூற்று முப்பத்தெட்டு பெட்டி மிச்சம்.

இரண்டு நாள் பொறுத்தால் ஹோட்டல் நிரம்பும் என்று ஒரு மனசு சொன்னது. அதற்குள் மீன் வந்துவிடும், முட்டை கெட்டுவிடும் என்று இன்னொரு மனசு. பல் தேய்த்தபடி அரை மணி நேரம் வாசலில் நின்றேன். கடைசியில் ஆறு மணிக்கு முதல் போன் வருவதற்கு முன் நானே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நூற்று எண்பது என்றேன்.

கிடைத்த வசவை எழுத முடியாது. மூன்று நாளைக்கு முன் முந்நூற்று ஐம்பதுக்கு எடுத்த ஒருத்தர், "எங்க தலையில கட்டிட்டு இப்ப தர்மம் பண்றீங்களா?" என்றார். அவர்களிடம் விற்காமல் கிடந்ததில் கெட்டதை மாற்றிக் கொடுத்தேன். ரோட்டோர பிரெட் ஆம்லெட் வண்டிக்காரர்களை நானே தேடிப் போய்ச் சரக்கு போட்டேன். ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து, குலுங்கியதையெல்லாம் தள்ளி வைத்தேன். பதினாறு பெட்டி குழிக்குப் போனது.

மாலையில் பிஸ்வாஸ் தாதா வந்தார். அவர் போட்ட சிவப்பு சாக்பீஸ் குறி பெட்டிகளில் அழியாமல் இருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு நாற்பது பெட்டி கேட்டார். இருநூற்று அறுபதுக்கு எனக்கு விற்றதை நூற்று எண்பதுக்குத் திரும்ப வாங்குகிறார். மனசு எரிந்தாலும் கொடுத்தேன். இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது மிச்சத்தையும் எடுத்துக்கொள்ளுங்களேன் என்றேன்.

"தீன் தின் கா மால், பஸ்" என்றார். மூன்று நாளில் விற்கிற சரக்கு, அதற்கு மேல் ஒரு பெட்டி தொடமாட்டார்.

கப்பல் வந்து சேர்ந்தபோது என்னிடம் இரண்டு பெட்டி இருந்தது. அவ்வளவு வேகமாகக் காலி செய்ய இந்த ஊரில் என்னைத் தவிர யாராலும் முடியாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கோல்டு ரூம் இரண்டு வருஷம் தள்ளிப் போனது.

புதிதாகக் கடை வைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சரக்கு குறைந்தால் விலை ஏறும். இதைச் சொல்ல நான் தேவையில்லை. விலை ஏறினால் டீச்சரம்மா பருப்புக்குப் போய்விடுவார். அதை யாரும் உங்களுக்கு போன் போட்டுச் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முந்நூற்று ஐம்பது என்று சொல்ல என்னிடம் வாய் இருந்தது. அந்த விலைக்குத் தின்ன ஊரில் ஆள் இருக்கிறதா என்று நான் ஒருத்தரையும் கேட்கவில்லை.