விட்டா போயிடும்

இந்தக் காலத்து ஆட்களிடம் எதைச் சொன்னாலும், "போட்டோ இருக்கா?" என்கிறார்கள். வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பவன் போட்டோவா எடுப்பான்? நடந்ததைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள். பேய் பிசாசை நானே நம்புகிறவன் இல்லை.

பழைய வேன் அது. மேட்டில் ஏறும்போது பின்னால் உருண்டு பள்ளத்தில் விழுந்தது. ஓட்டியவன் செத்துப்போனான். அவன் பெண்டாட்டிதான் வேனை என் பட்டறைக்குக் கொண்டுவந்தாள். கூட அவள் தம்பி. போனிலிருந்து தலையைத் தூக்காத ஆள்.

"பின் சக்கரத்து அச்சு முறிஞ்சு கிடக்கும்மா" என்றேன்.

"விழுந்ததுல முறிஞ்சிருக்கும்ங்கறாங்க ஐயா. அவரு தூங்கிட்டாராம். என் மாமியாரே பிள்ளைங்ககிட்ட சொல்றாங்க, உங்கப்பன் தூங்கித்தான் செத்தான்னு." வேனைத் திரும்பிப் பார்த்தாள். "முழிச்சிருந்தாரா இல்லையா... பாத்தா தெரியுமா?"

"இரும்பு பேசுமா?" என்றேன்.

அச்சில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருந்தது. இறுகட்டும் என்று எவனோ அங்கே உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திவைத்திருந்தான். கொத்திய இடத்தில் இரும்பு விரிசல் விடும்; எமனுக்கு விலாசம் எழுதிக் கொடுத்த வேலை. அந்த இடத்தில்தான் முறிவு. முறிந்து உருண்டதா, உருண்டு முறிந்ததா... சத்தியம் பண்ண என்னால் ஆகாது.

புது அச்சு, புது பேரிங் போட்டேன். பிரேக் எண்ணெயில் புகுந்த காற்றை வெளியேற்ற, பெடலை மிதிக்கத் தம்பியைச் சீட்டில் உட்காரவைத்தேன்.

"மிதின்னா மிதி. விடுன்னா விடு. நடுவுல போனைப் பாத்தே, ஸ்பானர் பறந்து வரும்."

வேலை முடிகிற நேரம். மாலை ஆறே முக்கால். மழை. கரண்ட் போனது. கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வண்டிக்கு அடியில் படுத்தபடியே டார்ச்சைத் தரையில் வைத்தேன்.

"மிதி."

டொக்.

சக்கரத்தைத் திருகினேன். அசையவில்லை. நல்ல பிடி.

"விடு."

அசையவில்லை.

"விடுடா."

மேலே சீட்டு கிறீச்சிட்டது... முழு பலத்தையும் காலில் இறக்கி எவனோ மிதிப்பதுபோல. மூச்சு இரைத்தது...

"விட்டா போயிடும்..."

தம்பியின் குரல் இல்லை.

வெளியே வந்தேன்.

சீட்டில் ஆள் இல்லை.

பெடல் மட்டும் அமுங்கியே நின்றது...

தம்பி வாசலில் அக்காவின் குடைக்குள் நின்றான். "கரண்ட் போனதுமே வந்துட்டேனே" என்றான்.

மறுநாளும் பெடல் எழும்பவில்லை. ஸ்பிரிங்கை மாற்றினேன். எழும்பவில்லை. அவளும் வந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் கிரேன்காரன் உள்ளே வந்தான். இந்த வேனைப் பள்ளத்திலிருந்து தூக்கியவன்.

"பெருசு, இன்னும் இதோடதான் மல்லுக்கட்டுறியா?" என்றவன், அமுங்கிய பெடலைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான்.

"அன்னைக்கும் இப்படித்தான். பெடல்லேருந்து அந்தாளு காலை எடுக்க முடியல. விறைச்சுக் கிடந்துச்சு. ரெண்டு பேர் சேர்ந்து இழுத்தோம்."

"இதை ஏன்யா யார்கிட்டயும் சொல்லல?" என்றேன்.

"யாரும் கேக்கலியே."

அச்சு முறிந்தால் சக்கரம் கழன்று பிரேக் எண்ணெய் முழுக்கக் கொட்டிவிடும். அதற்கப்புறம் மிதித்து என்ன? தூங்கவில்லை; வெறும் பெடலைத்தான் அவன் கடைசிவரை மிதித்திருக்கிறான்.

அவள் கதவைத் திறந்து குனிந்தாள். பெடல்மேல் கையை வைத்தாள்.

"போதுங்க. பிள்ளைங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன். விடுங்க."

டக்.

பெடல் எழும்பியது.

"புது ஸ்பிரிங். படியக் கொஞ்ச நேரம் ஆகும்" என்றேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் கை கழுவப் போய்விட்டேன்.

இன்றைக்கும் சொல்கிறேன். ஸ்பிரிங்தான்.